உயிரிகளிடம் கற்ற பொருள்களும் நெகிழ் உணரிகளும்: காரைக்கால் கடைமடையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தாமரை இலை, பல்லியின் பாதம், பாறையில் ஒட்டி வாழும் சிப்பியின் இழை, சிலந்தியின் கால், மீனின் பக்கக்கோடு, அலையாத்தி மரத்தின் வேர் ஆகியவற்றின் நுண்ணமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு புதிய பொருள்களும், வளையவும் நீளவும் வல்ல உணரிகளும் கடந்த கால் நூற்றாண்டில் உருவாகியுள்ளன. இவற்றுள் முதன்மையானவற்றின் இயக்கத்தை இக்கட்டுரை விளக்குகிறது. அறிவியல் இவ்வுயிரிகளிடமிருந்து பெற்றுக்கொள்வது பெரும்பாலும் அவற்றின் உடற்பொருளை அன்று, அப்பொருள் அடுக்கப்பட்டுள்ள முறையையே என்பது கட்டுரையின் முதற்கருத்து. உப்பும் ஈரமும் வெப்பமும் ஒருங்கே நிலவும் காரைக்கால் போன்ற கடைமடைக் கடற்கரையில், உலோகத்தால் ஆன விறைப்பான கருவிகள் எதிர்கொள்ளும் இடர்களுக்கு இம்முறை விடை தரக்கூடும் என்பதும், அவ்விடை முழுமை பெறக் களச்சோதனையும் தெளிவான தமிழ்க் கலைச்சொற்களும் தேவை என்பதும் அதன் தொடர்ச்சி.

திறவுச் சொற்கள்: நெகிழ் உணரி, நுண்ணமைப்பு, நீர்க்களி, பக்கக்கோடு, அலையாத்தி, கடைமடை, காரைக்கால், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

பற்றின்றி வாழ்பவரைத் தாமரை இலைத் தண்ணீருக்கு ஒப்பிடுவதும், விடாப்பிடியை உடும்புப்பிடி என்பதும், சிறு சொல்லுக்கும் முகம் வாடுபவரைத் தொட்டாற்சுருங்கி என்பதும் தமிழ் வழக்கு. இம்மூன்று வழக்குகளும் உவமையாகவே நினைவில் நிற்கின்றன. ஆயினும் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இயற்பியல் உற்றுநோக்கல் உள்ளது. முதலாவது ஒரு பரப்பு நீரை ஏற்க மறுப்பதையும், இரண்டாவது ஓர் உயிர் செங்குத்தான பரப்பைப் பற்றி நிற்பதையும், மூன்றாவது ஓர் உயிர் தொடுகையை உணர்ந்து வினையாற்றுவதையும் குறிக்கின்றன. நீர் விலக்கல், பற்றுதல், உணர்தல் என்னும் இம்மூன்றுமே இன்றைய பொருளறிவியலின் மையமான தேடல்கள்.

மொழிவழக்கு பண்பைப் பதிவு செய்தது. அப்பண்பு எதனால் விளைகிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்க மின்னணு நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. விடை கிடைத்த பின்னர், அதே அமைப்பை வேறொரு பொருளில் உருவாக்க முடியுமா என்ற அடுத்த வினா எழுந்தது. இவ்வாறு உயிரிகளிடம் கற்று ஆக்கப்படும் பொருள்களையும், அவற்றைக் கொண்டு அமையும் நெகிழ் உணரிகளையும் காரைக்கால் பகுதியின் தேவைகளோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. களம்: காரைக்கால்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பிரிவுகளுள் ஒன்றான காரைக்கால், புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டு அமைந்துள்ளது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த இப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை இரண்டு இலட்சம். அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு, நண்டலாறு முதலிய காவிரியின் கிளைகள் இப்பகுதியில் பாய்கின்றன. அரசலாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அலையாத்திச் செடிகள் வளர்கின்றன.

ஆறு பல உடைமை நீர்வளம் மிகுதி என்று பொருள்படாது. மேட்டூர் அணையிலிருந்து வரும் நீர் வந்து சேரும் இறுதி இடங்களுள் இதுவும் ஒன்று. வழக்கமான திறப்பு நாளாகிய சூன் 12 தள்ளிப்போகும் ஆண்டுகளிலும், நீர்வரத்து குறையும் ஆண்டுகளிலும் கடைமடையே முதலில் பாதிப்படைகிறது. ஆற்றில் நன்னீரின் அழுத்தம் குறையுமிடத்து, கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளேறுகிறது. மண்ணின் உப்புத்தன்மை நெல்லை எளிதில் தாக்கும். மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்சைக் கடந்தால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது வேளாண் அறிவியல் ஏற்றுள்ள அளவு. கடல்நீரின் மின்கடத்துதிறனோ ஏறத்தாழ 50 டெசிசீமன்ஸ். வாய்க்கால் நீரை வயலுக்கு விடலாமா, மடையை அடைக்கலாமா என்ற முடிவு இவ்விரு எண்களுக்கு இடைப்பட்ட சிறு மாற்றங்களை உரிய நேரத்தில் அறிவதைப் பொறுத்தது.

கடலின் பக்கமும் அறிதல் தேவைப்படுகிறது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2018 நவம்பரில் கசா புயல் இப்பகுதியின் தெற்கே கரையைக் கடந்தது. இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று காரைக்காலில் இயங்குகிறது. திருவேட்டக்குடியில் 2010இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகமும், செருமாவிலங்கையில் பண்டித ஜவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. பொறியியலும் வேளாண்மையும் மீன்பிடித் தொழிலும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பது இச்சிறு பகுதியின் தனித்தன்மை எனலாம்.

இங்குக் கருவிகளுக்கு வாய்த்த சூழல் எளிதன்று. உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கிறது. ஈரப்பதம் மின்சுற்றுப் பலகைகளைக் கெடுக்கிறது. நீருக்குள் வைத்த கருவியின் மீது பாசியும் சிறு ஓட்டுயிரிகளும் சில வாரங்களில் படர்ந்துவிடுகின்றன. ஆனால் இதே உப்பிலும் ஈரத்திலும் மீனும் சிப்பியும் அலையாத்தியும் வாழ்நாள் முழுவதும் உணர்ந்துகொண்டே இருக்கின்றன. அவை அதை எவ்வாறு செய்கின்றன என்பதே இனி வரும் பகுதிகளின் வினா.

3. பொருளன்று, அமைப்பு

தாமரை இலையில் நீர் ஒட்டாமைக்கு அதன் வழவழப்பே காரணம் என்று பலகாலம் கருதப்பட்டது. செருமனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்கெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோப் நைன்குயிஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. தாமரை இலையின் பரப்பு சொரசொரப்பானது. அதில் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள மேடுகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அம்மேடுகளின் மேல் அதனினும் நுண்ணிய மெழுகுக் குழல்கள் படர்ந்துள்ளன. நீர்த்துளி மேட்டு நுனிகளில் மட்டும் அமர்கிறது. இடைப்பள்ளங்களில் காற்று சிறைப்படுகிறது. பரப்பைத் தொட இயலாத துளி உருண்டையாகி, தூசியையும் ஏந்திக்கொண்டு உருண்டோடுகிறது.

மெழுகு மட்டும் இருந்திருந்தால் நீர் ஓரளவே விலகியிருக்கும். ஈரளவு மேடுகளும் மெழுகும் சேர்ந்ததால் விலக்கல் பன்மடங்காயிற்று. எனவே மெழுகுக்குப் பதிலாக வேறு நீர்விலக்குப் பொருளைப் பயன்படுத்தினாலும் இவ்வமைப்பைப் படியெடுத்தால் அதே விளைவு கிடைக்கும். உயிரிகளிடம் கற்றலின் அடிப்படைப் பாடம் இதுவே.

நெல் இலையும் நீரை விலக்கும் இலையே. ஆனால் அதன் மேடுகள் இலையின் நீளவாக்கில் வரிசையாக அமைந்துள்ளன. ஆகவே துளி நீளவாக்கில் எளிதாகவும் குறுக்குவாக்கில் அரிதாகவும் உருள்கிறது. சீன அறிவியலாளர் லெய் சியாங்கின் ஆய்வுக்குழு 2002இல் இவ்வேறுபாட்டை விளக்கியது. ஒரே பண்பு, மேடுகளின் வரிசைமுறை மாறியதால் திசையறிவு பெற்றதாகிறது. கடைமடை வயலில் நாள்தோறும் காணப்படும் இக்காட்சிக்கு வேறொரு விளைவும் உண்டு. நெல் இலையில் ஓர் உணரியை ஒட்ட விரும்புவோர் முதலில் எதிர்கொள்வது இந்த நீர்விலக்கத்தையே.

4. பற்றுதல்: உடும்பும் பல்லியும் சிப்பியும்

உடும்புப்பிடி நகத்தின் பிடி. சொரசொரப்பான சுவரிலோ மரத்திலோ கூரிய நகங்கள் பிடிப்பிடம் தேடிக்கொள்கின்றன. கண்ணாடியில் உடும்பு ஏற இயலாது. பல்லி ஏறும். அமெரிக்க உயிரியலாளர் கெல்லர் ஆட்டம் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் பெரிய பல்லி வகையொன்றின் ஒற்றைப் பாதமயிரின் பற்றுவிசையை அளந்தது. அப்பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான தட்டை முனைகளாகப் பிரிகிறது. அம்முனைகள் சுவரின் மூலக்கூறுகளுக்கு மிக அருகில் செல்வதால், வாண்டர்வால்ஸ் விசை எனப்படும் மென்மையான ஈர்ப்பு எழுகிறது. தனித்தனியே அற்பமான அவ்விசை இலட்சக்கணக்கில் கூடும்போது உடலைத் தாங்குகிறது. கோணத்தை மாற்றியதும் முனைகள் ஒவ்வொன்றாக விடுபடுவதால் பல்லி தன் காலை எளிதில் எடுக்கிறது. இங்கும் ஒட்டுப்பசை ஏதுமில்லை. பிளவுற்ற அமைப்பே பிடிப்பைத் தருகிறது. ஆந்திரே கெய்ம் குழுவினர் 2003இல் இம்மயிரமைப்பை ஒத்த ஒட்டுநாடாவை உருவாக்கிக் காட்டினர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அபிசித் மசும்தார், அனிமாங்சு கட்டக், அசுதோஷ் சர்மா ஆகியோர், மரத்தவளை மற்றும் பூச்சிகளின் பாதங்களில் தோலுக்கு அடியில் உள்ள நாளங்களை முன்மாதிரியாகக் கொண்டு, மென்படலத்தின் உட்புறம் நுண்கால்வாய்கள் அமைத்து அதன் ஒட்டுதிறனைப் பெருக்கியதை 2007இல் வெளியிட்டனர்.

பல்லியின் பிடி நீரில் தளரும். கடற்கரைக்கு இது குறை. பாறையிலும் படகின் அடியிலும் கொத்தாக ஒட்டி வாழும் சிப்பியினம் அலையடியிலும் விடாது பற்றுகிறது. அது சுரக்கும் இழைகளின் புரதத்தில் டோபா என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பதை எர்பர்ட் வெயிட் 1981இல் எடுத்துரைத்தார். டோபாவின் வேதி அமைப்பு, பரப்பில் படிந்த நீர்ப்படலத்தை விலக்கிக்கொண்டு பிணைப்பை உண்டாக்கும் திறனுடையது. பிலிப் மெசர்சுமித் குழு 2007இல் இதை ஒத்த பாலிடோபமின் பூச்சை உருவாக்கியது. அதே ஆண்டில் பல்லியின் மயிரமைப்பின் மேல் சிப்பியின் வேதிமையைப் பூசி, உலர்விலும் நீரிலும் ஆயிரம் முறைக்கு மேல் ஒட்டிப் பிரிக்கத்தக்க ஒட்டுப்பொருளையும் அக்குழு அறிவித்தது. நிலத்தில் வாழும் ஓருயிரியின் அமைப்பும் கடலில் வாழும் மற்றோர் உயிரியின் வேதிமையும் இணைந்து, இரண்டிலும் தனித்து இல்லாத பண்பைத் தந்தன. ஆகவே அமைப்பே யாவும் என்று கொள்ளுதல் பொருந்தாது. சிப்பியைப் போன்ற சில இடங்களில் வேதிமையும் பாடமாகிறது.

5. நெகிழ்தலும் உணர்தலும்

சோழமண்டலக் கரையில் வழங்கிய மசூலா படகின் பலகைகள் இரும்பாணியால் அறையப்படவில்லை. தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. கரையலை மோதும்போது விறைப்பான படகு பிளவுபடும். தைத்த படகு சற்று நெளிந்து அடியை ஏற்கும். விறைத்து எதிர்ப்பதைக் காட்டிலும் நெகிழ்ந்து தாங்குவது நீடிக்கும் என்ற இவ்வறிவே நெகிழ் மின்னணுவியலுக்கும் அடிப்படை.

உணரி என்பது புறத்தே நிகழும் மாற்றத்தை மின்குறியாக மாற்றும் கருவி. சிலிக்கன் வில்லையில் அமைந்த வழக்கமான உணரி துல்லியமானது. எனினும் உடலின் மீதோ இலையின் மீதோ படியாது. டோக்கியோவின் தகாவோ சோமேயா குழு 2004இல் வளையத்தக்க அழுத்த உணரிப் பரப்பை உருவாக்கியது. சான் ரோசர்சு குழு 2011இல், தோலின் மேல் ஒட்டுப்படம் போலப் படியும் மின்சுற்றை வெளியிட்டது. இவற்றில் உலோகம் நீள்வதில்லை. மெல்லிய உலோகக் கம்பி பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைத்து அமைக்கப்படுவதால், அடிப்படலம் நீளும்போது கம்பியின் வளைவுகள் மட்டுமே விரிகின்றன. இங்கும் அமைப்பே வேலை செய்கிறது.

அழுத்தத்தை உணர்வதில் மனிதத் தோல் முன்மாதிரியாக நிற்கிறது. தோலின் உட்புறத்தில் மேடுகள் உள்ளன. அவை வெளியழுத்தத்தை நரம்பு முனைகளை நோக்கிக் குவிக்கின்றன. ஸ்டான்போர்டின் செனான் பாவ் குழு 2010இல் ரப்பர்ப் படலத்தின் ஒரு முகத்தில் நுண்ணிய கூம்புகளை வார்த்து, இரு மின்தகடுகளுக்கு இடையே வைத்தது. தட்டையான ரப்பரை அமுக்குவது கடினம். கூம்புகளின் இடையே காற்று இருப்பதால் சிறு அழுத்தத்திலும் அவை நசுங்குகின்றன. தகடுகளின் இடைவெளி குறைந்து மின்தேக்குதிறன் மாறுகிறது. ஓர் ஈயின் எடையையும் அவ்வுணரி அறிந்தது.

சிலந்தியின் கால்மூட்டருகே இணையான நுண்பிளவுகள் உள்ளன. அதிர்வு வரும்போது பிளவுகள் சற்றே விரிந்து மூடுகின்றன. அவ்வசைவே நரம்பைத் தூண்டுகிறது. சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2014இல் மென்படலத்தின் மேல் 20 நானோமீட்டர் தடிப்பில் பிளாட்டினம் பூசி, அதை வேண்டுமென்றே வெடிக்கச் செய்தது. படலம் சிறிது நீண்டாலும் வெடிப்புகள் திறந்து மின்தடை மிக வேகமாக உயர்கிறது. இரண்டு விழுக்காட்டுக்குட்பட்ட நீட்சியில் அதன் உணர்திறன் எண் 2000ஐக் கடந்தது. வழக்கமான உலோக நீட்சி உணரியில் அவ்வெண் ஏறத்தாழ 2 மட்டுமே. பொறியியல் குறையாகக் கருதும் வெடிப்பை இவ்வாய்வு உறுப்பாக மாற்றியது.

6. உப்பே கடத்தியாகும் உணரிகள்

தொட்டாற்சுருங்கி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. சகதீச சந்திர போசு விரிவாக ஆய்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. அதன் இலையைத் தொட்டதும் மின்குறி ஒன்று காம்படிப் புடைப்பை நோக்கிச் செல்கிறது. அங்குள்ள உயிரணுக்களிலிருந்து பொட்டாசிய அயனிகள் வெளியேற, நீரும் உடன் வெளியேறுகிறது. விறைப்பிழந்த அணுக்கள் இலையைத் தாழ்த்துகின்றன. செடியின் உணர்தலில் உலோகமோ எலக்ட்ரான் ஓட்டமோ இல்லை. உப்பின் அயனிகளே செய்தியைச் சுமக்கின்றன. விலங்கின் நரம்பிலும் இவ்வாறே.

இவ்வழியைப் பொருளறிவியல் அண்மையில்தான் பின்பற்றத் தொடங்கியது. நுங்குச் சுளையைப் போல, பெரும்பகுதி நீரும் சிறுபகுதி வலைப்பின்னலும் கொண்ட மென்பொருளை இக்கட்டுரை நீர்க்களி என்று குறிக்கிறது. நீர்க்களியில் சமையலுப்பைக் கரைத்தால் அது மின்னைக் கடத்தும். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சிகாங் சுவோ, சார்சு ஒயிட்சைட்சு ஆகியோரின் குழு 2013இல் இத்தகைய நீர்க்களியை நீளக்கூடிய, ஒளி ஊடுருவும் கடத்தியாகப் பயன்படுத்தியது. 2014இல் அதைக்கொண்டு அயனித்தோல் என்னும் உணரியை அமைத்தது. ஒரு விழுக்காடு முதல் ஐந்நூறு விழுக்காடு வரையிலான நீட்சியை அது அளந்தது.

கடலோரக் கருவிகளைக் குறித்த சிந்தனையில் இது ஒரு திருப்பம். உலோக உணரிக்கு உப்பு பகை. அயனி உணரிக்கு உப்பே கடத்தி. ஆயினும் நீர்க்களியின் குறையும் வெளிப்படையானது. நுங்கைத் திறந்து வைத்தால் வாடுவது போல நீர்க்களியும் காற்றில் உலரும். இதற்கும் தோலே வழிகாட்டியது. தோலின் உட்பகுதி ஈரம் மிக்கது. வெளியடுக்கு உலர்ந்த காப்பு. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் சுவான்கே சாவ் குழு 2016இல் நீர்க்களியின் மேல் மெல்லிய ரப்பர் அடுக்கை உறுதியாகப் பிணைத்து உலர்தலைத் தடுத்தது.

7. மீனின் பக்கக்கோடு

மீனின் செவுள் முதல் வால் வரை இருபுறமும் ஓடும் மெல்லிய கோட்டை மீன் அரிபவர் நாள்தோறும் காண்கின்றனர். அது மீனின் உணர்வுறுப்பு. அக்கோட்டில் உள்ள ஒவ்வோர் உணர்முகட்டிலும் நுண்மயிர்களும், அவற்றை மூடிய களித்தொப்பியும் உள்ளன. நீரோட்டம் தொப்பியைச் சாய்க்க, மயிர்கள் வளைந்து நரம்புக்குறி எழுகிறது. சில முகடுகள் தோலின் மேல் வெளிப்பட்டு நீரோட்ட வேகத்தை உணர்கின்றன. சில தோலடிக் கால்வாயில் அமைந்து அழுத்த வேறுபாட்டை உணர்கின்றன. விழியற்ற குகைமீன் இதன் துணையாலேயே பாறையில் மோதாமல் நீந்துகிறது. கூட்டமாகச் செல்லும் மீன்கள் ஒரே கணத்தில் திரும்புவதிலும் இவ்வுறுப்புக்குப் பங்குண்டு.

இல்லினாய்சு பல்கலைக்கழகத்தில் சாங் லியு குழு 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் செயற்கை மயிர் உணரிகளை உருவாக்கியது. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் கூட்டு ஆய்வு மையமும் இணைந்த பணியில், அசய் கிரி பிரகாஷ் கொட்டப்பள்ளி, மொசன் அசத்னியா, சியான்மின் மியாவ், மைக்கேல் திரியன்தபில்லு ஆகியோர் பலபடிப் படலத்தால் நெகிழ்வான பக்கக்கோட்டு உணரிகளை அமைத்தனர். இவற்றை நீரடிக் கலத்தின் உடலில் வரிசையாகப் பதித்தால், ஒலியலை எதையும் அனுப்பாமலே சுற்றியுள்ள நீரின் அசைவை அறியலாம். கலங்கிய முகத்துவார நீரில் ஒளிப்படக் கருவி பயன்படாது. அங்கு இம்முறைக்குப் பொருத்தம் மிகுதி.

நீருக்குள் வைத்த உணரியைப் படர்ந்து மூடும் பாசிக்கும் ஓட்டுயிரிகளுக்கும் மற்றொரு கடலுயிரி விடை காட்டியது. சுறாவின் தோல் நுண்பற்களால் ஆனது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆன்டனி பிரென்னன், அதன் வரிகளை ஒத்த நுண்மேடுகளை மென்பரப்பில் பதித்தபோது கடற்பாசியின் வித்துகள் படிவது பெருமளவு குறைந்தது. நஞ்சு கலந்த பூச்சு எதையும் பயன்படுத்தாமல் பரப்பின் வடிவத்தாலேயே இது நிகழ்ந்தது என்பது மீன்வளம் சார்ந்த கரைக்கு முக்கியமானது.

8. அலையாத்தியும் வயலும்

கடல்நீரில் வேரூன்றி நன்னீரை உறிஞ்சும் மரம் அலையாத்தி. அதன் இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது தண்டின் நாளங்களில் வலிய எதிரழுத்தம் உருவாகிறது. அவ்விழுப்பால் நீர் வேரின் உயிர்ப்படலங்களைக் கடந்து நுழைகிறது. உப்பின் பெரும்பகுதி வெளியே நிற்கிறது. மின்விசையோ எக்கியோ இன்றி நிகழும் உப்பகற்றல் இது.

சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அசய் பரிடா குழு, வெண்கண்டல் என்னும் அலையாத்தி இனத்திலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் செலுத்தி ஆய்ந்தது. அது உயிரியின் பகுதியையே கடன்பெறும் வழி. அமைப்பைக் கற்கும் வழி வேறு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டோபியாசு வீலர், ஆபிரகாம் சிட்ரூக் ஆகியோர் 2008இல் நீர்க்களியில் நுண்நாளங்கள் அமைத்துச் செயற்கை மரமொன்றைச் செய்தனர். ஏல் பல்கலைக்கழகக் குழு 2020இல் செயற்கை அலையாத்தியை வெளியிட்டது. சிட்ரூக் குழு அதே அறிவைக்கொண்டு, மண்ணிலும் தண்டிலும் நீரின் இழுவிசையை நேரடியாக அளக்கும் நுண்ணுணரியை உருவாக்கியது.

இவ்வுணரியின் பயன் கடைமடையில் தெளிவாகும். உப்பு மிகுந்த வயலில் நீர் நின்றிருக்கும். ஆனால் பயிரால் அதை எடுக்க இயலாது. மண்ணின் ஈரத்தை மட்டும் அளக்கும் கருவி அங்கு நீர் உண்டு என்றே சொல்லும். பயிரின் தாகத்தை அறிய இலையையோ தண்டையோதான் கேட்க வேண்டும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லியாங் டாங் குழு 2017இல், ஒட்டுநாடாவில் கிராபீனைப் பதித்து மக்காச்சோள இலையில் ஒட்டி, இலையிலிருந்து நீராவி வெளியேறுவதை அளந்தது. நெல்லுக்கு அதை ஏற்கச் செய்வதாயின், மூன்றாம் பகுதியில் கண்ட நெல் இலையின் நீர்விலக்கத்தையும் நான்காம் பகுதியில் கண்ட ஈரப்பிடிப்பையும் ஒருங்கே கருத வேண்டும். தனித்தனியாகக் கண்ட பாடங்கள் ஒரே நெல்லிலையில் வந்து கூடுகின்றன.

9. எல்லைகளும் கலைச்சொற்களும்

இவ்வாய்வுகள் பெரும்பாலும் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வகச் சூழலில் நிகழ்ந்தவை. தாமரை இலை தேய்ந்தால் மெழுகை மீண்டும் சுரக்கும். செயற்கைப் பரப்பு தேய்ந்தால் தேய்ந்ததே. வெப்பம் மாறும்போது மென்பொருள்களின் மின்பண்பும் மாறுவதால், சித்திரை வெயிலில் தரும் அளவும் கார்த்திகை மழையில் தரும் அளவும் வேறுபடலாம். ஒருமுறை அளவு திருத்திய உணரி ஒரு பருவம் முழுவதும் நம்பத்தக்கதாக நீடிக்கிறதா என்பதே உழவருக்கும் மீனவருக்கும் முதல் வினா. வயலில் விடப்பட்ட பலபடிப் படலமும் உலோகமும் கழிவாகும் என்பதையும் புறக்கணிக்க இயலாது. உயிரி மக்கிப் போகிறது. அதனிடம் கற்ற பொருளும் மக்குமாறு அமைவதே கற்றலின் நிறைவு.

கலைச்சொல்லிலும் கவனம் தேவை. முதலாவதாக, உயிரியை ஒத்து ஆக்குதலைச் சிலர் போலி என்னும் சொல்லால் குறிப்பர். இன்றைய வழக்கில் போலி என்பது ஏமாற்றைச் சுட்டுகிறது. இலக்கியத் திறனாய்வில் நிலைபெற்ற போலச்செய்தல் என்னும் தொடர் பொருந்தக்கூடியது. ஆனால் அமைப்பின் நெறியை மட்டும் எடுத்து வேறொன்றாக ஆக்குமிடத்தில் கற்றல் என்பதே துல்லியமானது. இரண்டாவதாக, நெகிழ்தல் என்னும் சொல் வளைதலையும் நீளுதலையும் ஒருங்கே குறிக்கிறது. செப்புத்தாள் வளையும், நீளாது. ரப்பர் நீளும், மீளும். எனவே வளைவுணரி, நீட்சியுணரி எனப் பிரித்து வழங்குதல் நன்று. மூன்றாவதாக, கூழ்மம் என்னும் சொல் பாடநூல்களில் துகள்கள் பரவிய கரைசலைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. வலைப்பின்னல் கொண்ட மென்திண்மத்துக்கும் அதையே வழங்கினால் மயக்கம் நேரும். களி என்பது அதற்கு ஏற்புடையது.

10. முடிவுரை

நீரை ஏற்காத இலையையும் விடாத பிடியையும் தொடுகைக்குச் சுருங்கும் செடியையும் தமிழ் வழக்கு உற்றுநோக்கிப் பெயரிட்டது. கடந்த கால் நூற்றாண்டின் ஆய்வுகள் அப்பண்புகளுக்கு மேடு, பிளவு, நாளம், அயனி என்னும் காரணங்களைக் காட்டின. இவ்வுயிரிகள் அரிதான பொருள் எதையும் கையாளவில்லை. மெழுகு, புரதம், நீர், உப்பு ஆகிய எளிய பொருள்களை அவை அடுக்கிய முறையே சிறப்பு. விலைமிகுந்த உலோகங்களை நாடாமல் உணரிகளை ஆக்கும் வாய்ப்பு இதனால் உருவாகிறது.

காரைக்காலில் இவ்வாய்வுக்குரிய உயிரிகள் அனைத்தும் கையெட்டும் தொலைவில் உள்ளன. பொறியியல் கழகமும் வேளாண் கல்லூரியும் உள்ளன. உப்பேறிய நீரை நாவால் அறிந்த உழவரும், நீரின் நிறத்தாலும் இழுப்பாலும் கடலை அறிந்த மீனவரும் உள்ளனர். எதை அளக்க வேண்டும், எந்நேரத்தில் அளக்க வேண்டும் என்பதைச் சொல்ல வல்லவர்கள் அவர்களே. ஆய்வகத்தில் உருவாகும் நெகிழ் உணரி கடைமடையில் மடையை அடைக்கும் முடிவுக்கு உதவும்போதுதான் அதன் துல்லியம் பொருளுடையதாகும். அதற்கு உணரியின் மொழி உழவருக்கும், உழவரின் மொழி ஆய்வாளருக்கும் விளங்க வேண்டும். அறிவியலை விளக்கும் தமிழ் உரைநடையின் இன்றைய கடமைகளுள் இதுவும் ஒன்று.